கம்பிச் சாளரத்தின் கீழே

இஸ்தன்பூல் நகரின் தோப்காப்பி அரண்மனையைக் காணச் செல்வோர் பெரும்பாலும் இரண்டு இடங்களை நாடியே விரைகின்றனர். ஒன்று, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் புனிதச் சின்னங்கள் பேணப்படும் பகுதி. மற்றது, வைரமும் மரகதமும் ஒளிரும் கருவூலம். அவற்றுக்குச் செல்லும் வழியில், இரண்டாம் முற்றத்தின் இடப்புறத்தில், குவிமாடங்களுடன் கூடிய கட்டடம் ஒன்று நிற்கிறது. 'குப்பே அல்த்தி' என்பது அதன் பெயர். குவிமாடத்தின் கீழ் என்று பொருள். உஸ்மானியப் பேரரசின் திவான் கூடிய இடம் அதுவே.

திவான் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. புதுக்கோட்டையிலும் திருவிதாங்கூரிலும் அது ஒரு மனிதரின் பதவியைக் குறித்தது. இங்கோ, பலர் கூடி ஆய்ந்து முடிவெடுக்கும் அவையைக் குறித்தது.

கட்டடத்தில் மூன்று அறைகள். ஒன்றில் அவை கூடியது. அடுத்ததில் எழுத்தர்கள் அமர்ந்தனர். மூன்றாவதில் பதிவேடுகள் இருந்தன. சுல்தான் சுலைமான் அல்-கானூனியின் ஆட்சியில், 1520களில், இது புதுப்பித்துக் கட்டப்பட்டது. அவையறையில் சிம்மாசனம் எதுவும் இல்லை. சுவரோரம் தாழ்ந்த இருக்கைகள் மட்டுமே உண்டு. பிரதம வஸீர் அமரும் இடத்துக்கு நேர் மேலே, சுவரில், பொன்முலாம் பூசிய பின்னற்கம்பி இட்ட சிறு சாளரம் ஒன்று தெரிகிறது.

இச்சாளரத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கான்ஸ்டாண்டிநோபிளை 1453இல் வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மது தொடக்கத்தில் தாமே அவைக்குத் தலைமை தாங்கினாராம். ஒருநாள் முறையிட வந்த குடியானவன் ஒருவன், அங்கிருந்தோரில் சுல்தான் யாரென்று அறியாமல் வெளிப்படையாகவே கேட்டுவிட்டான். அதன்பின் சுல்தான் அவையில் அமர்வதை விட்டுவிட்டார் என்பர். கதை எப்படியாயினும், ஏற்பாடு உண்மையானதே. சுல்தான் வரலாம், வராமலும் இருக்கலாம்; கம்பிகளுக்குப் பின்னால் அவர் இருக்கிறாரா என்பது கீழே அமர்ந்திருப்போருக்குத் தெரியாது. ஒவ்வொரு சொல்லும் கேட்கப்படுவதாகவே எண்ணி அவர்கள் பேச வேண்டியிருந்தது. சாளரத்துக்குப் பின்னே எழும் கோபுரத்துக்கு நீதிக் கோபுரம் என்று பெயர்.

பதினாறாம் நூற்றாண்டில் சனி முதல் செவ்வாய் வரை, வாரத்தில் நான்கு நாட்கள் அவை கூடியது. வஸீர்களுடன் ருமேலி, அனத்தோலியா ஆகிய இரு பகுதிகளின் தலைமை நீதிபதிகளும், நிதிப் பொறுப்பாளர்களும், அரச முத்திரை எழுதும் அதிகாரியும் வந்தனர். போரும் வரியும் பேசப்பட்ட அதே அறையில் எளியோரின் முறையீடுகளும் வாசிக்கப்பட்டன. ஷரீஅத் சார்ந்த வழக்குகள் நீதிபதிகளிடம் சென்றன. தன் ஊர் அதிகாரி மீது குற்றம் சாட்ட முஸ்லிம் மட்டுமன்று, கிறிஸ்தவனும் யூதனும் அங்கு வரலாம். அக்காலத்து அரசுகளில் இது சிறிய செய்தியன்று.

ஆயினும் புகழுரையோடு நின்றுவிடல் தகாது. சாளரம் வஸீர்களைக் கண்காணித்தது. சுல்தானைக் கண்காணிக்க எந்தச் சாளரமும் இருக்கவில்லை. 1523 முதல் பதின்மூன்று ஆண்டுகள் பிரதம வஸீராக அதன் கீழ் அமர்ந்தவர் இப்ராஹீம் பாஷா. சுலைமானின் உற்ற நண்பர். 1536இல் ஓர் இரவு, இதே அரண்மனையில், விசாரணை ஏதுமின்றி அவர் கொல்லப்பட்டார். குடியானவனின் முறையீட்டைக் கேட்க இருந்த அவை, தன் தலைவருக்காகக் கூடவில்லை.

காலப்போக்கில் ஆட்சி அலுவல் பிரதம வஸீரின் மாளிகைக்கு நகர்ந்தது. அவையறை சம்பள நாட்களுக்கும் தூதர் வரவேற்புக்கும் உரிய இடமாகச் சுருங்கிற்று. மூன்றாம் ஸலீமும் இரண்டாம் மஹ்மூதும் அதைச் செப்பனிட்டனர். 1856இல் சுல்தான் அப்துல் மஜீத் புதிய தோல்மாபாச்சே அரண்மனைக்குக் குடிபெயர்ந்தார். 1924இல் தோப்காப்பி அருங்காட்சியகமாயிற்று.

பதிவேடுகள் இப்போது அங்கில்லை. நகரின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றுள் 1567ஆம் ஆண்டின் ஆணைகள் நம் கவனத்துக்குரியவை. நம் முத்துக்குளிப்புக் கரை முஸ்லிம்களை அலைக்கழித்த அதே போர்த்துக்கீசியருக்கு எதிராக, சுமத்ராவின் அச்சே சுல்தான் உதவி வேண்டியிருந்தார். கப்பற்படை அனுப்ப ஆணை எழுதப்பட்டது. அதற்குள் யமனில் கிளர்ச்சி மூளவே, அப்படை அங்கே திருப்பப்பட்டது.