பழவேற்காட்டுச் சுவர்: உள்ளே யார், வெளியே யார்?

ஹாங்காங்கில் கட் ஹிங் வாய் என்றொரு கிராமம். டாங் குலத்தார் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து எழுப்பிய சுற்றுச்சுவர் இன்னும் நிற்கிறது. 1899இல் ஊரார் எதிர்த்து நின்றதற்காக, அதன் இரும்புக் கதவுகளைப் பிரிட்டிஷ்காரர்கள் பிடுங்கிக்கொண்டு போனார்கள். 1925இல்தான் அவை திரும்பின. அங்கே சுவர் ஊருடையது. உடைக்க வந்தவன் அந்நியன். நம்ம பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காட்டில் கதை தலைகீழ். அந்நியன் சுவருக்குள்ளே இருந்தான். ஊர் வெளியே நின்றது.

1610 வாக்கில் சந்திரகிரி அரசனிடம் அனுமதி வாங்கி டச்சுக் கம்பெனி இங்கே பண்டகசாலை போட்டது. 1612இல் போர்த்துக்கீசியர் அதை அழித்தார்கள். அடுத்த வருஷமே கெல்ட்ரியா கோட்டை, சுற்றி அகழி. ஆக, சுவர் எழுந்தது ஒரு வெள்ளைக்காரன் இன்னொரு வெள்ளைக்காரனுக்குப் பயந்ததால். எழுந்த பிறகு அது வேறு வேலை செய்தது. நெசவாளியின் துணி அதன் வழியாகத்தான் மசாலாத் தீவுகளுக்குப் போனது. அதைப் பற்றி ஏகப்பட்டது எழுதியாயிற்று. மனிதச் சரக்கைப் பற்றித்தான் வாய் திறப்பதில்லை.

1614இல் வெங்கடபதி ராயர் செத்தார். வாரிசுச் சண்டை, அதன்மேல் பஞ்சம். சோற்றுக்கு வழியில்லாதவர்கள் பிள்ளைகளை விற்றார்கள், தங்களையே விற்றுக்கொண்டார்கள். 1622–23இல் மட்டும் பழவேற்காடு போன்ற துறைமுகங்களிலிருந்து டச்சுக் கப்பல்களில் ஏராளமானோர் ஏற்றப்பட்டார்கள். பஞ்சம் வந்தால் ஆள் விலை இறங்கும், கம்பெனி வாங்கும். விளைச்சல் தேறினால் விலை ஏறும், வியாபாரம் படுத்துவிடும். இவ்வளவு துல்லியமான பொருளாதாரம் அது. பிடித்துக் கொடுத்ததிலும் பேரம் பேசியதிலும் உள்ளூர்த் தரகர்கள் இருந்தார்கள். எல்லாம் வெள்ளைக்காரன் செய்த அட்டூழியம் என்று எழுதிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. சுவருக்கு வெளியேயும் அதிகாரம் இருந்தது. அதற்குச் சாதி என்ற பெயரும் உண்டு.

1690இல் தலைமையகம் நாகப்பட்டினம் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் கோட்டையைத் தகர்த்தார்கள். இப்போது அங்கே புதர்தான். கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் பத்திரமாக இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே செதுக்கிய எழுத்துகளில் வியாபாரிகளின் பெயர், வயசு, பதவி. பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டவர்களுக்கு இங்கே ஒரு கல்கூடக் கிடையாது. அவர்களில் எத்தனை பேர் எந்தக் கப்பலில், என்ன விலைக்கு என்பதெல்லாம் ஹேக் நகர ஆவணக் காப்பகத்தில், கம்பெனியின் கணக்கேடுகளில் இருக்கிறது. பழைய டச்சு படிக்கத் தெரிந்த தமிழ் ஆய்வாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இளைய நண்பர்கள் யாராவது அந்த மொழியைக் கற்றுக்கொண்டு போய் உட்கார வேண்டும்.