கொழும்பை வந்தடையாத கப்பல்

இரண்டாம் உலகப் போரில் இலங்கையைச் சூழ்ந்த கடலில் மூழ்கிய கப்பல் எது என்று நம்மவரிடம் கேட்டால் அநேகமாக அனைவரும் 'ஹேர்மீஸ்' என்றே பதில் சொல்வார்கள். பிரித்தானியாவின் அந்த விமானந்தாங்கிக் கப்பலை 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் குண்டுவீசி மூழ்கடித்தன. 307 பேர் உயிரிழந்தனர். சுழியோடிகள் இன்றும் அதன் சிதைவைத் தேடிச் செல்கிறார்கள். பத்திரிகைகளில் ஏப்ரல் மாதந்தோறும் அதைப் பற்றி ஒரு கட்டுரையாவது வெளிவருவதுண்டு.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்த வேறொரு கப்பல் மூழ்கியது. அதில் இறந்தவர்கள் 1,297 பேர். ஹேர்மீஸில் மாண்டவர்களைப் போல நான்கு மடங்கிலும் அதிகம். 'கெடிவ் இஸ்மாயில்' என்ற அந்தக் கப்பலின் பெயரை அறிந்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் துறையில் இருந்தும், எங்களுடைய பக்கங்களில் இந்தப் பெயர் அச்சேறிய ஒரு சந்தர்ப்பமேனும் என் நினைவுக்கு வரவில்லை.

இந்தக் கப்பலின் கதை இரண்டு பாகங்களைக் கொண்டது. முதலாவது பாகம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. இரண்டாவது பாகம் ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் நீடித்தது. அந்த இரண்டரை மணிநேரத்தில் எழுந்த கேள்வி இன்றுவரை தீரவில்லை.

மூன்று கொடிகள் கண்ட கப்பல்

கெடிவ் இஸ்மாயில் போருக்காகக் கட்டப்பட்ட கப்பலன்று. 1922இல் ஸ்கொட்லாந்தின் கிறீனொக் நகரில், சிலி நாட்டுக் கம்பனி ஒன்றுக்காகப் பயணிகள் கப்பலாக அது கட்டப்பட்டது. அப்போது அதன் பெயர் 'அக்கொன்காகுவா'. சிலியிலிருக்கும் உயர்ந்த மலைச்சிகரம் என்று சிலர் தவறாக எண்ணும், உண்மையில் ஆர்ஜென்ரீன எல்லைக்குள் அமைந்த மலையின் பெயர் அது. 1935இல் எகிப்தியக் கம்பனி ஒன்று கப்பலை வாங்கி, சுயஸ் கால்வாய் திறக்கப்பட்ட காலத்தில் எகிப்தை ஆண்ட இஸ்மாயில் பாஷாவின் பெயரைச் சூட்டியது. போர் மூண்டதும் பிரித்தானிய அரசு அதைத் துருப்புக்காவிக் கப்பலாகப் பொறுப்பேற்றது. ஏறத்தாழ 7,500 தொன் கொள்ளளவுடைய நடுத்தரக் கப்பல் அது.

1944 பெப்ரவரி முதல் வாரத்தில் கென்யாவின் மொம்பாசாவிலுள்ள கிளிண்டினி துறைமுகத்திலிருந்து ஐந்து துருப்புக்காவிக் கப்பல்கள் ஒரு தொடரணியாகக் கொழும்புக்குப் புறப்பட்டன. கெடிவ் இஸ்மாயில் அவற்றுள் ஒன்று. அதில் 1,511 பேர் இருந்தனர். கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையின் 301ஆவது களப் படையணியைச் சேர்ந்த 996 பேர், பிரித்தானியக் கடற்படையினர் 271 பேர், கப்பற் பணியாளர் 178 பேர் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். பெண்கள் 83 பேர். அவர்களுள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இராணுவத் தாதியர். 19 பேர் கடற்படையின் மகளிர் பிரிவினர். எஞ்சியோரில் தென்னாபிரிக்க மகளிர் துணைப்படையினரும் இருந்தனர்.

இத்தனை பேர் ஏன் இலங்கைக்கு வந்தார்கள்? 1942இல் கொழும்பும் திருகோணமலையும் தாக்கப்பட்ட பின்னர் பிரித்தானியக் கிழக்குக் கடற்படை கிளிண்டினிக்குப் பின்வாங்கியிருந்தது. 1944 தொடங்கும்போது நிலைமை மாறிவிட்டது. கடற்படை திருகோணமலைக்குத் திரும்பியது. மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் அவ்வாண்டு ஏப்ரலில் கண்டிக்கு வரவிருந்தது. பர்மாவை மீட்கும் போருக்கான படைகள் இலங்கையில் திரண்டுகொண்டிருந்தன. கிழக்காபிரிக்கப் படையின் 11ஆவது பிரிவு இங்கே பயிற்சி பெற்றுத்தான் பின்னர் பர்மாவின் கபோ பள்ளத்தாக்கில் போரிட்டது. பீரங்கிப் படையினரும் தாதியரும் அந்தப் பெரும் ஆயத்தத்தின் ஒரு பகுதியினர்.

ஐந்து கப்பல்களுக்கும் காவலாக 'ஹோக்கின்ஸ்' என்ற குரூசர் கப்பலும், 'பெட்டார்ட்', 'பலடின்' என்னும் இரண்டு நாசகாரிக் கப்பல்களும் வந்தன. நீர்மூழ்கியைத் தேடித் தாக்கும் வல்லமை நாசகாரிகளுக்கே உரியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் செல்லும் தொடரணிக்கு அத்தகைய கப்பல்கள் இரண்டு மட்டுமே கிடைத்தன.

பெப்ரவரி 12

சனிக்கிழமை. தொடரணி மாலைதீவின் தென்பகுதியிலுள்ள ஒன்றரைப் பாகைக் கால்வாயை அண்மித்திருந்தது. இன்னும் இரண்டு மூன்று நாட்களில் கொழும்பு. பிற்பகல் இரண்டரை மணியளவில், மதிய உணவை முடித்துவிட்டுப் பலர் கீழ்த்தளத்தில் இசைநிகழ்ச்சியொன்றை ரசித்துக்கொண்டிருந்தனர்.

ஐ-27 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி அங்கே காத்திருந்தது. நூறு மீற்றருக்கும் அதிக நீளமுடைய, நெடுந்தூரம் செல்லவல்ல பெரிய நீர்மூழ்கி அது. 1942 மேயில் சிட்னி துறைமுகத்தைத் தாக்கிய மூன்று குறுநீர்மூழ்கிகளில் ஒன்றைச் சுமந்து சென்றதும் இதுவே. இப்போது அதன் தளபதி தொஷியாக்கி ஃபுக்குமுரா. ஐ-27 ஏவிய டோர்பிடோக்களில் இரண்டு கெடிவ் இஸ்மாயிலின் நடுப்பகுதியிலும் பின்பகுதியிலும் பாய்ந்து வெடித்தன. கப்பல் சரிந்து, உடைந்து, இரண்டு நிமிடத்துக்குள் மூழ்கிப்போனது.

இரண்டு நிமிடம் என்பதை வாசகர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். உயிர்காப்புப் படகுகளை முறையாக இறக்குவதற்கு அந்த நேரம் போதாது. கீழ்த்தளத்திலிருந்து படியேறி மேலே வருவதற்கே போதாது. மேல்தளத்தில் நின்றவர்களும், கப்பல் சரிந்தபோது கடலில் வீசப்பட்டவர்களுமே பெரும்பாலும் தப்பினர். அவர்கள் சில நூறு பேர். எண்ணெய் படர்ந்த நீரில் மிதப்புகளையும் மரத்துண்டுகளையும் பற்றியவாறு கிடந்தனர்.

ஏனைய நான்கு துருப்புக்காவிகளும் நிற்கவில்லை. ஹோக்கின்ஸ் உடன்செல்ல, அவை வேகத்தைக் கூட்டி விலகிச் சென்றன. இதனை இரக்கமின்மை என்று கொள்ளலாகாது. 1914 செப்டெம்பர் 22இல் வடகடலில் பிரித்தானியக் குரூசர் ஒன்றை ஜேர்மன் நீர்மூழ்கி தாக்கியபோது, அதிலிருந்தவர்களை மீட்பதற்காக நின்ற மற்ற இரண்டு குரூசர்களும் அதே நீர்மூழ்கிக்கு இரையாகின. ஏறத்தாழ 1,450 பேர் மாண்டனர். நீர்மூழ்கி இருக்குமிடத்தில் நிற்காதே என்பது அந்த உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம்.

ஹேர்மீஸ் மூழ்கியபோது நிகழ்ந்ததோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். குண்டுவீசிய விமானங்கள் தம் வேலை முடிந்ததும் திரும்பிச் சென்றுவிட்டன. 'வீட்டா' என்ற மருத்துவக் கப்பல் வந்து சுமார் 600 பேரைக் கரைசேர்த்தது. நீர்மூழ்கியோ திரும்பிச் செல்வதில்லை. கொன்றவன் அங்கேயே, கண்ணுக்குத் தெரியாமல், நீருக்கடியில் இருக்கிறான்.

மிதப்பவர்களுக்குக் கீழே

பலடின் படகுகளை இறக்கி மீட்புப் பணியில் இறங்கியது. பெட்டார்ட் நீர்மூழ்கியைத் தேடியது. நீருக்குள் ஒலியலைகளைச் செலுத்தி, அவை எதிலேனும் பட்டு எதிரொலிப்பதைக் கேட்டுத் தேடுவதே அக்காலத்து முறை. அந்தத் தேடல், மிதந்துகொண்டிருந்தவர்களை நோக்கியே பெட்டார்ட்டை இட்டுச் சென்றது. ஐ-27 அவர்களுக்குக் கீழே ஒளிந்திருந்தது.

நீரடி வெடிகுண்டு என்பது வெடிமருந்து நிரப்பிய உருளை. குறித்த ஆழத்தின் நீரழுத்தத்தில் அது தானாக வெடிக்கும். நீர்மூழ்கியின் உடலை நேராகத் தொடவேண்டிய அவசியமில்லை, வெடிப்பின் அதிர்ச்சியலையே அதை நசுக்கிவிடும். அதே அலை, நீரில் மிதக்கும் மனிதனின் நுரையீரலையும் குடலையும் கிழித்துவிடும்.

பெட்டார்ட்டின் தளபதி லெப்டினன்ட் கொமாண்டர் றூப்பர்ட் ஈகன். அவர் முன்னால் இரண்டு வழிகளே இருந்தன. குண்டுகளைப் போட்டால் உயிர்தப்பிய தம்மவர் சாவார்கள். போடாவிட்டால், மீட்புக்காக நின்ற பலடின் அடுத்த இலக்காகலாம், தப்பினால் அந்த நீர்மூழ்கி இன்னொரு நாள் இன்னொரு துருப்புக்காவியை மூழ்கடிக்கும். மேலதிகாரியிடம் ஆலோசனை கேட்பதற்கு அவகாசமில்லை.

ஈகன் குண்டுகளைப் போடும்படி கட்டளையிட்டார்.

அந்தக் குண்டுகளை உருட்டிவிட்ட மாலுமிகள், தங்களை மீட்க வருகிறார்கள் என்று கையசைத்த மனிதர்களைக் கண்ணெதிரே பார்த்தபடியே அதைச் செய்தார்கள். நீரில் கிடந்தவர்களுள் எத்தனை பேர் டோர்பிடோவால் மாண்டனர், எத்தனை பேர் தம்மவர் குண்டுகளால் மாண்டனர் என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. 1,297 என்ற ஒரே எண்ணுக்குள் இரு தொகையினரும் அடங்கிவிட்டனர்.

மூன்றாவது தாக்குதலுக்குப் பின்னர் ஐ-27 சேதமுற்று மேற்பரப்புக்கு வந்தது. இரண்டு நாசகாரிகளும் பீரங்கிகளால் சுட்டன. நான்கு அங்குலக் குண்டுகள் அதன் தடித்த உடலைத் துளைக்கவில்லை. பலடின் நேராக மோதி உடைக்க விரைந்தது. கடைசி வேளையில் விலகும்படி பெட்டார்ட் சைகை காட்டியது. பலடின் திரும்பியபோது நீர்மூழ்கியின் பக்கத்துச் சுக்கான் அதன் அடிப்பாகத்தை நீளமாகக் கிழித்துவிட்டது. பின்னர் பெட்டார்ட் ஒன்றன்பின் ஒன்றாக டோர்பிடோக்களை ஏவியது. ஆறு குறிதவறின. ஏழாவது பட்டு ஐ-27 சிதறியது. ஃபுக்குமுராவும் அவருடைய மாலுமிகளும் மாண்டனர். ஒரே ஒரு ஜப்பானியர் மட்டும் உயிரோடு பிடிபட்டார்.

கெடிவ் இஸ்மாயிலில் வந்தவர்களில் 208 ஆண்களும் 6 பெண்களும் மட்டுமே மிஞ்சினர். 77 பெண்கள் மாண்டனர். பொதுநலவாய நாடுகளின் வரலாற்றில் படைப்பணியிலிருந்த பெண்கள் ஒரே சம்பவத்தில் இத்தனை பேர் மாண்டது வேறெப்போதும் இல்லை என்று கூறப்படுகிறது. உயிர்தப்பியவர்கள் மாலைதீவின் தென்கோடியிலுள்ள அட்டு தீவுக்கூட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பிரித்தானியக் கடற்படை அங்கே இரகசியத் தளமொன்றை வைத்திருந்தது.

ஈகன் செய்தது சரியா? கடற்படையின் கணக்கில் சரி. நீர்மூழ்கி அழிக்கப்பட்டது, அது பின்னர் கொன்றிருக்கக்கூடியவர்கள் பிழைத்தார்கள். ஆனால் அப்படிப் பிழைத்தவர்கள் யார் என்று எவருக்கும் தெரியாது. மாண்டவர்களோ கண்முன்னால் மிதந்தவர்கள். போர்க்காலத்தை வாழ்ந்து கடந்த நம்மில் பலருக்கு, 'பெரிய இழப்பைத் தவிர்க்கச் சிறிய இழப்பு' என்ற வாதம் மிகவும் பழக்கமானது. அந்தச் சிறிய இழப்புக்குள் அடங்கிப்போனவர்களின் குடும்பங்களையும் நாம் அறிவோம். ஈகனைக் குற்றவாளியென்று தீர்ப்பளிக்க எனக்கு மனம் வரவில்லை. அவரைப் புகழவும் நா எழவில்லை. அன்று அவரது இடத்தில் நின்றிருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்று கேட்டுக்கொள்வதே நேர்மையானது.

நினைவின் பங்கீடு

இத்தகைய இழப்புகள் அக்காலத்தில் உடனுக்குடன் செய்தியானதில்லை. 1940 ஜூன் 17இல் பிரான்சின் கரைக்கு அப்பால் 'லங்காஸ்ட்ரியா' மூழ்கி ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, அந்தச் செய்தியை வெளியிடாது தடுத்தவர் பிரதமர் சேர்ச்சில். 1943 நவம்பர் 26இல் மத்தியதரைக் கடலில் 'றோனா' மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் மாண்ட விபரம் பல்லாண்டுகள் வெளிப்படாமலிருந்தது. தணிக்கையின் கீழ்ப் பணிபுரிந்த பத்திரிகையாளன் என்ற வகையில் ஒன்றைச் சொல்வேன்: உரிய நாளில் அச்சேறாத மரணச் செய்தி, பின்னர் அச்சேறினாலும் பாதிப் பேரையே சென்றடைகிறது.

ஆயினும் தணிக்கை மட்டுமே காரணமன்று. ஹேர்மீஸ் புகழ்பெற்ற போர்க்கப்பல். கெடிவ் இஸ்மாயிலில் வந்தவர்களுள் மிகப் பெரிய தொகையினர் கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையினர். அவர்களுள் பெரும்பான்மையினர் ஆபிரிக்கர். தாம் ஆளப்பட்ட ஒரு சாம்ராச்சியத்துக்காக, தாம் கண்டிராத பர்மாவில் போரிடுவதற்கு, தாம் அறியாத ஒரு தீவின் வழியாகச் சென்றவர்கள். தாதியரின் கதையைப் பிரித்தானியக் குடும்பங்கள் ஓரளவு தேடி எழுதின. பீரங்கிப் படையினரின் பெயர்கள் நைரோபியிலுள்ள போர் நினைவிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கல்லில் இருக்கும் அந்தப் பெயர்கள் கதைகளாகவில்லை.

அவர்கள் வந்து சேரவேண்டிய இடம் கொழும்புத் துறைமுகம். அந்த வகையில் இந்த மரணங்களுக்கு நம்முடைய வரலாற்றிலும் ஓரிடம் உண்டு. ஏப்ரல் மாதத்தில் ஹேர்மீஸை எழுதும் நாம், பெப்ரவரி 12இல் இவர்களுக்காகவும் சில வரிகளை ஒதுக்கலாம்.