காத்திருந்து எழுதும் ஆண்டு: இம்ப்ரூவ்மென்ட் முதல் நீட் வரை

தமிழ்நாட்டில் 2016-17இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில், முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்துவிட்டு மறுபடி வந்தவர்கள் 12.47 விழுக்காடு. நான்கே ஆண்டுகளில், 2020-21 சேர்க்கையில், அது 71.42 விழுக்காடாகிவிட்டது. நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அரசிடம் அளித்த அறிக்கையில் உள்ள எண்கள் இவை. பிள்ளையை இன்னும் ஒரு வருடம் உட்கார வைத்துப் படிக்க வைத்தால் மருத்துவ இடம் கிடைக்குமா என்று யோசிக்கும் பெற்றோருக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கேள்வி நீட் தேர்வோடு பிறந்ததல்ல. தமிழ்நாட்டில் அதற்கு நாற்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்த ஓராண்டு ஒரு காலத்தில் பொன்னாக இருந்தது, பிறகு ஏறத்தாழப் பத்தாண்டு செல்லாக்காசாகக் கிடந்தது, மறுபடியும் பொன்னாயிற்று. மாணவர்களின் அறிவோ உழைப்போ இப்படி இருமுறை தலைகீழாக மாறியிருக்க முடியாது. மாறியவை சேர்க்கை விதிகள். காத்திருக்கும் ஆண்டின் மதிப்பை முதலில் நிர்ணயிப்பது விதி, அடுத்தது இடங்களின் பற்றாக்குறை, மாணவரின் உழைப்பு அதற்கும் அடுத்ததுதான் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

1978இல் பிளஸ் டூ வருவதற்கு முன்பு, பள்ளியில் பதினோரு ஆண்டு முடித்து, கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. படித்தவர்கள்தாம் தொழிற்கல்விக்கு விண்ணப்பித்தார்கள். மதிப்பெண்ணோடு நேர்காணலும் அப்போது கணக்கில் வந்தது. தேர்வுக் குழுக்கள் தனித்தனிப் பிரிவுகளாக உட்கார்ந்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்த முறையை 1970இல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மதிப்பெண்ணை உயர்த்தினாலும் நேர்காணல் அறையில் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத அந்தக் காலத்தில், ஒரு வருடத்தைச் செலவழித்து அரை மதிப்பெண் சேர்ப்பதில் பெரிய பொருளில்லை. எல்லாம் எண்ணாகிய பிறகுதான் காத்திருப்புக்கு விலை வந்தது. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ பாட மதிப்பெண்ணை 200க்கும் நுழைவுத் தேர்வை 100க்கும் சுருக்கி, மொத்தம் 300க்கு ஒரு கட்-ஆஃப். ஒரே தசமப் புள்ளியில் நூற்றுக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து நின்ற பட்டியல் அது. அங்கே இரண்டு மதிப்பெண் கூடினால் பட்டியலில் பல நூறு இடம் முன்னே போகலாம்.

இந்தப் பட்டியலுக்கு ஏற்ற கருவியாக அமைந்ததுதான் இம்ப்ரூவ்மென்ட். பிளஸ் டூவில் தேறிய மாணவரே அடுத்த ஆண்டு உயிரியலையும் இயற்பியலையும் வேதியியலையும் மறுபடி எழுதி, கூடிய மதிப்பெண்ணைக் காட்டிச் சேர்க்கை கேட்கலாம். தோற்றவர் மறுபடி எழுதுவதும் இதுவும் ஒன்றல்ல என்பதை ஊரும் அறிந்திருந்தது. 'பையன் இம்ப்ரூவ்மென்ட் எழுதுகிறான்' என்று சொல்வதில் வெட்கம் இருக்கவில்லை. டாக்டருக்குப் படிக்கப் போகிறவன் என்ற எதிர்பார்ப்புத்தான் இருந்தது. பள்ளி மாணவர் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் செய்முறைக்கும் வகுப்புத் தேர்வுகளுக்கும் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்க, இம்ப்ரூவ்மென்ட் மாணவர் ஏற்கெனவே ஒருமுறை எழுதிய பாடங்களை மட்டும் ஆண்டு முழுவதும் உருப்போட்டார். நுழைவுத் தேர்வுக்கும் அவர் இரண்டாம் முறை போகிறவர். இருவரும் ஒரே பட்டியலில் நின்றார்கள். இதைச் சமமான போட்டி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. டுடோரியல் கட்டணம், விடுதிச் செலவு, சம்பாத்தியம் இல்லாத ஒரு வருடம் ஆகிய மூன்றையும் தாங்கக்கூடிய குடும்பத்துப் பிள்ளைக்கே அந்த வாசல் திறந்திருந்தது. விவசாயக் கூலியின் மகளுக்குச் சட்டப்படி அதே உரிமை இருந்தது. அதைப் பயன்படுத்தும் வசதிதான் இருக்கவில்லை. மகனுக்கு இன்னொரு வருடம் தரத் துணிந்த வீடுகளிலும் மகளுக்கு அதே வருடம் எளிதில் கிடைக்கவில்லை.

2005 ஜூனில் ஜெயலலிதா அரசு வெளியிட்ட ஆணை நுழைவுத் தேர்வையும் இம்ப்ரூவ்மென்ட் முறையையும் சேர்த்தே ஒழித்தது. நகரத்து வசதிக்காரர்களுக்கே இவை சாதகம் என்பது அதன் வாதம். நுழைவுத் தேர்வு ஒழிப்பு அந்த மாதமே சென்னை உயர் நீதிமன்றத்தில் அடிபட்டது. 2006இல் கொண்டுவந்த சட்டமும் நிற்கவில்லை. ஆட்சி மாறிய பிறகு, எம். ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஒட்டி தி.மு.க. அரசு இயற்றிய சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் 2007 மார்ச்சில் கிடைத்தது. நீதிமன்றமும் அதை ஏற்றது. இரண்டு எதிரெதிர்க் கட்சிகள் ஒரே திசையில் நடந்த அபூர்வமான நிகழ்வு அது. பிறகு வந்த ஆண்டுகளில் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணே முழு அளவுகோல். மறுபடி எழுதிக் கூட்டிக்கொள்ள வழியில்லை. 2016-17இல் இருந்த அந்த 12.47 விழுக்காட்டினர் பழைய மதிப்பெண்ணை வைத்துக்கொண்டே அடுத்த ஆண்டுப் பட்டியலில் மறுபடி முயன்று பார்த்தவர்கள். அவர்களுடைய காத்திருப்பு மதிப்பெண்ணில் ஒரு புள்ளியைக்கூடச் சேர்க்க முடியாது.

ஆனால் கூடுதல் ஆண்டு உண்மையில் ஒழிந்துவிட்டதா? நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் பெயர் பெற்ற காலம் இது. பிளஸ் ஒன் பாடத்தைப் பெயருக்கு ஒப்பேற்றிவிட்டு, அந்த ஆண்டிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கி இரண்டு ஆண்டும் அதையே நடத்தும் வழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் ஊன்றியது. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லாததால் யாரும் கேட்கவில்லை. இம்ப்ரூவ்மென்ட் ஆண்டு பள்ளிக்கு வெளியே இருந்தவரை கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது அது பதினோராம் வகுப்புக்குள் ஒளிந்துகொண்டது. அரசுப் பள்ளி மாணவர் ஓராண்டில் படித்ததை விடுதி மாணவர் இரண்டு ஆண்டு படித்தார். 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு இந்தப் பழக்கத்தை ஒழிப்பதும் ஒரு முக்கியக் காரணம். ஆகவே 2007 முதல் 2016 வரையிலான காலத்தைக் குற்றமற்ற பொற்காலம் என்று நினைவுகூர்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்போதும் வசதியுள்ளவர்கள் ஓராண்டை விலைக்கு வாங்கினார்கள். ஒரே வேறுபாடு, அதை வாங்கப் பிள்ளையின் வயதில் ஒரு வருடத்தை இழக்க வேண்டியிருக்கவில்லை. பொறியியலில் நடந்தது வேறு கதை. கல்லூரிகள் 500ஐத் தாண்டி, கலந்தாய்வு முடிந்த பின்பும் இடங்கள் காலியாகக் கிடக்கத் தொடங்கியபோது, பொறியியலுக்காக ஒரு வருடம் காத்திருப்பது என்ற பேச்சே ஊரில் அடங்கிவிட்டது. அதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. பற்றாக்குறை போனதும் காத்திருப்பின் விலையும் போயிற்று. ஐ.ஐ.டி.யைக் குறிவைப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு. அங்கேயும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இருமுறைக்கு மேல் எழுத முடியாது.

2017 ஆகஸ்ட் 22 அன்று, நீட் மதிப்பெண் அடிப்படையிலேயே தமிழ்நாடு மருத்துவச் சேர்க்கையை நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிளஸ் டூ மதிப்பெண் ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான். நீட் மதிப்பெண்ணை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். இம்ப்ரூவ்மென்ட் என்ற பெயர் மட்டும் இல்லாமல் அந்த முறை முழுமையாகத் திரும்பி வந்தது. டுடோரியலின் இடத்தில் லாங் டேர்ம் கோச்சிங் வந்தது, இம்ப்ரூவ்மென்ட் மாணவர் ரிப்பீட்டர் ஆனார். அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில் பயிற்சி மையத்துக்குப் போகாதவர்கள் 48 பேர் மட்டுமே என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கலான விவரம் பலரைத் திடுக்கிட வைத்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு நீட் சார்ந்திருக்கும் என்.சி.இ.ஆர்.டி. பாடம் புதிது, அதனால்தான் அவர்களுக்கு ஓராண்டு கூடுதலாகத் தேவைப்படுகிறது, பாடத்திட்டத்தை மாற்றினால் ரிப்பீட்டர் எண்ணிக்கை குறையும் என்ற வாதம் அப்போது வலுவாக இருந்தது. பாடத்திட்டமும் மாறியது. பிளஸ் ஒன் 2018-19இல், பிளஸ் டூ 2019-20இல். இரண்டு ஆண்டும் புதிய புத்தகத்தில் படித்த முதல் மாணவர்கள் சேர்ந்த ஆண்டு 2020-21. அந்த ஆண்டில்தான் ரிப்பீட்டர் பங்கு 71.42 விழுக்காடு. ஓராண்டுக் கணக்கை வைத்துப் பாடத்திட்ட மாற்றமே வீண் என்று தீர்ப்புச் சொல்வது அவசரம். ஆயினும் மறுமுயற்சியை விதி அனுமதித்து, இடமும் அரிதாக இருக்கும்போது, நல்ல புத்தகம் மட்டும் முதல்முறை மாணவரைக் காப்பாற்றிவிடாது என்பதை இந்த எண் உணர்த்துகிறது.

இனி ஒவ்வொரு குடும்பமும் கேட்கும் கேள்வி: காத்திருந்தால் வாய்ப்புக் கூடுமா? 71 விழுக்காடு என்ற எண்ணைப் பயிற்சி மையத்தின் விளம்பரம் போல வாசிப்பது ஆபத்து. இடம் பெற்றவர்களில் எத்தனை பேர் மறுபடி எழுதியவர்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. மறுபடி எழுதியவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்பது முற்றிலும் வேறு கணக்கு. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எழுதி வெறுங்கையோடு திரும்பியவர்கள் சேர்க்கைப் பட்டியலில் எங்கும் இருக்கமாட்டார்கள். மேலும், ஒரு வருடத்தைப் பணயம் வைக்கத் துணிகிறவர் பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே கட்-ஆஃப் பக்கத்தில் வந்தவராக இருப்பார். அவருக்குக் கிடைத்த பலனைப் பாதி மதிப்பெண்கூட எட்டாதவருக்கும் பொருத்திப் பார்ப்பது பெரும் பிழை. 720க்குச் சில பத்து மதிப்பெண்ணில் தன் பிரிவின் கட்-ஆஃபைத் தவறவிட்டவர், வீட்டில் பொருளாதார நெருக்கடி இல்லாதவர், பாடத்தில் எங்கே சறுக்கினோம் என்று சொல்லத் தெரிந்தவர் காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்கள் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டு, முடிந்தால் உடன் எழுதிப் பார்ப்பதே நல்லது என்பது என் துணிபு. அடுத்த ஆண்டு தன்னோடு போட்டியிடப்போவது யார் என்பதையும் மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டும். அவரைப் போலவே காத்திருந்த கூட்டமும் அங்கே இருக்கும். எல்லாரும் காத்திருந்தால் யாருக்கும் சாதகமில்லை, கட்-ஆஃப்தான் உயரும்.

இரண்டாம் வாய்ப்பை மறுப்பது கொடுமையில்லையா என்ற எதிர்வாதம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். தேர்வு நாளன்று காய்ச்சலில் கிடந்தவர், ஆசிரியர் இல்லாத பள்ளியில் படித்தவர், குடும்பத்தில் சாவு விழுந்தவர் ஆகியோரை ஒரே ஒரு காலைப்பொழுதின் மதிப்பெண்ணால் ஆயுளுக்கும் கட்டிப்போடுவது நியாயமில்லை. சிறு ஊரின் அரசுப் பள்ளியில் படித்தவருக்கே கூடுதல் ஆண்டு மிகவும் தேவை என்பதும் உண்மை. இலங்கை இதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் சீர்திருத்தம் கொண்டுவந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரை நீள்கிறது, க.பொ.த. உயர்தரத்தை மூன்று முறை வரை எழுதிப் பல்கலைக்கழக அனுமதி கேட்கலாம். இடங்களில் 40 விழுக்காடு அகில இலங்கைத் தகுதிக்கு, 55 விழுக்காடு மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, எஞ்சிய 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மாவட்ட அளவிலான போட்டி, காத்திருக்கும் ஆண்டின் வேகத்தை ஓரளவு தணிக்கிறது. மன்னாரிலோ முல்லைத்தீவிலோ இருக்கும் மாணவர் கொழும்பின் பெரிய டியூஷன் வகுப்புகளில் மறுபடி படித்தவரோடு எல்லா இடத்துக்கும் மோத வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து டியூஷன் கொட்டில்களின் நெருக்கடியைப் பார்த்தவர்கள் அங்கேயும் சுமை தீர்ந்துவிடவில்லை என்பார்கள். ஆனால் எத்தனை முறை என்ற எல்லையாவது அங்கே முன்கூட்டியே தெரியும்.

இந்தியாவில் நீட் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். பொதுப் பிரிவினருக்கு இருந்த 25 வயது உச்சவரம்பையும் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் நீக்கிவிட்டது. நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 2020இல் தமிழ்நாடு தந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மெய்யான கதவைத் திறந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பட்டியலுக்குள்ளும் போட்டி நீட் மதிப்பெண்ணில்தான். அங்கேயும் ஓராண்டு பயிற்சிக்குப் பணம் புரட்டியவர், நேற்றுப் பிளஸ் டூ முடித்தவரை முந்த முடியும். 2022 ஜனவரியில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்து 1,450 இடங்கள் கூடின. பொறியியலில் பற்றாக்குறை தீர்ந்தபோது காத்திருப்பும் தீர்ந்தது என்பதால் இடங்களைக் கூட்டுவதே நிரந்தர மருந்து என்று சிலர் சொல்வார்கள். ஆனால் மருத்துவக் கல்லூரிக்கு நோயாளிகளும் ஆசிரியர்களும் வேண்டும்; பொறியியல் கல்லூரி போல நாலு கட்டடம் எழுப்பி அதைத் தொடங்கிவிட முடியாது, தொடங்கவும் கூடாது. இடங்கள் போதிய அளவு கூடும்வரை செய்யத்தக்கது, மறுமுயற்சியைத் தடை செய்யாமல் அதற்கு ஒரு வரம்பு கட்டுவது: அரசுக் கல்லூரி இடங்களில் பெரும்பங்கை அந்தந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தவர்களுக்குத் தனியாக வைத்து, எஞ்சியதை மறுபடி எழுதுபவர்களுக்குத் தனிப் பட்டியலாக்குவது. அரசுப் பள்ளி ரிப்பீட்டருக்கு அரசு செலவிலேயே ஓராண்டு உறைவிடப் பயிற்சி தந்தால், அந்த இரண்டாம் பட்டியலிலும் காத்திருக்கும் வசதி பணக்காரரின் தனிச்சொத்தாக இருக்காது. சேர்க்கை விவரம் வெளியிடும்போது, இடம் பெற்ற ரிப்பீட்டர்களோடு இடம் பெறாத ரிப்பீட்டர்களின் எண்ணிக்கையும் எத்தனையாவது முயற்சி என்ற விவரமும் சேர வேண்டும்; நிலத்தை அடகு வைத்துப் பயிற்சிக் கட்டணம் கட்டுமுன் ஒரு தகப்பன் பார்க்க வேண்டிய கணக்கு அதுதான்.