காய்ச்சலை விரட்டிய கால்வாய்கள்

நேயர்களே, நம் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் காலத்துத் தோட்டக் கதையைக் கேட்டுப் பாருங்கள். பால் மரத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே குளிர் காய்ச்சலைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கப்பலிறங்கிக் காட்டை அழிக்கப் போனவர்களில் எத்தனையோ பேர் ஊருக்கு ஒரு கடிதம்கூடப் போடாமல் மண்ணுக்குள் போனார்கள். அந்த மலேரியாவை எதிர்த்து நின்ற ஒரு மருத்துவரைப் பற்றி இன்று பேசுவோம்.

1901ஆம் ஆண்டு ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அரசாங்க டாக்டராகக் கிள்ளானுக்கு வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே வேலையாட்களும் அதிகாரிகளும் காய்ச்சலில் விழுந்தார்கள். புதிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்றுகூடப் பேச்சு எழுந்தது.

மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்ட் ராஸ் 1897இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் கண்டுபிடித்திருந்தார். ஏட்டில் இருந்த அந்த உண்மையை வாட்சன் கிள்ளான் சேற்றில் இறக்கினார். நோயாளிக்குக் கொய்னா கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடியவிட்டார்கள். சுற்றியிருந்த காட்டை அழித்தார்கள். துறைமுகப் பக்கம் கடல்நீர் ஏறாதபடி கரை கட்டினார்கள்.

அவர் செய்ததில் நமக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. அவர் எண்ணிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த மலேரியா நோயாளிகளை ஊர்வாரியாகப் பிரித்துக் கணக்கெழுதினார். கிள்ளான் நகரிலிருந்து 1901இல் 334 பேர் வந்தார்கள். 1905இல் 12 பேர். துறைமுகத்திலிருந்து வந்த 188 பேர் 11 ஆகக் குறைந்தார்கள். கால்வாய் வெட்டாத மற்ற பகுதிகளில் மட்டும் 197 பேர் 353 ஆகப் பெருகினார்கள். காய்ச்சல் தானாகக் குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாமற் போயிற்று.

பின்னர் அவர் தோட்டங்களுக்கு டாக்டரானார். அங்கே பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இடப்பக்க விலாவின் கீழ் விரல் வைத்து அழுத்திப் பார்ப்பார். மலேரியா பிடித்த பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கிக் கட்டிபோல் கைக்குத் தட்டுப்படும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி என்று கணக்கெடுத்தால், அந்த லயத்தின் நிலை தெரிந்துவிடும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. பெரட்டு நேரத்தில் வேலையாட்களுக்குக் கொய்னா கொடுத்ததும் இந்தக் காலத்தில்தான். அதன் கசப்பைப் பாட்டிமார்கள் மறக்கவில்லை.

ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் இந்த வழி பலிக்கவில்லை. கடற்கரைப் பக்கத்துக் கொசு, மர நிழலில் தேங்கிய நீரில் பெருகுவது. மலைப்பக்கத்துக் கொசுவோ வேறு ஜாதி. வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் அதற்கு வேண்டும். காட்டை வெட்டித் திறந்த கால்வாய் தோண்டினால், அந்தக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்ததாகிவிடும்! ஒரே வைத்தியம் எல்லா இடத்துக்கும் ஆகாது என்பதை வாட்சன் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதை 1911இல் வெளியிட்ட தம் நூலிலும் எழுதினார். பெரிய டாக்டர்கள் எல்லோரும் இதைச் செய்வதில்லை. பிறகு சீஃபீல்டு போன்ற தோட்டங்களில் ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய் வழியாக ஓடவிட்டார்கள். நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிக்கும் முறை அதன் பின் பரவியது.

தோட்ட முதலாளிகள் இதற்குப் பணம் கொடுத்தது இரக்கத்தால் மட்டும் என்று நாம் நினைக்க வேண்டாம். ஆள் செத்தால் வேலை நிற்கும் என்ற கணக்கும் அதில் இருந்தது. வாட்சனுக்கு 1924இல் ஸர் பட்டம் கிடைத்தது. தோட்டங்களில் இடுப்பளவு சேற்றில் நின்று மண் வெட்டியவர்களும், தோளில் தகரம் சுமந்து எண்ணெய் அடித்தவர்களும் பெரும்பாலும் நம்மவர்கள். அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை.

2018 முதல் நம் நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்ளூரில் தோன்றவில்லை. குரங்கிடமிருந்து வரும் மலேரியா மட்டும் காட்டோரங்களில் இன்னும் தொடர்கிறது. சீஃபீல்டு தோட்டம் இருந்த இடத்தில் இன்று சுபாங் ஜெயாவின் வீடுகள் நிற்கின்றன.