துளியும் பற்றும்: புற்றுநோய் மரபணுக்களில் நிலைமைப் பிரிகையின் பங்கு

மனித செல்லின் உட்கருவுக்குள் அறைகள் இல்லை, சுவர்களும் இல்லை. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. சில மைக்ரோமீட்டர் அகலத்துக்குள் மடங்கிக் கிடக்கிறது. சவ்வு ஏதுமின்றி அங்கே ஒழுங்கு எப்படி நிலைக்கிறது என்பதற்கு இன்று பலரும் சொல்லும் விடை நிலைமைப் பிரிகை. கரைந்திருக்கும் புரதங்களும் ஆர்.என்.ஏ.க்களும் குறிப்பிட்ட செறிவைக் கடந்ததும் தனித்துளிகளாகத் திரள்வதே அது. 2009இல் பிராங்வின், ஹைமன் குழுவினர் உருளைப்புழுவின் கருவில் இத்தகைய துளிகளைக் காட்டினர். மரபணுக்களின் படியெடுத்தலைத் (ஆர்.என்.ஏ. உருவாக்கத்தை) தூண்டும் டி.என்.ஏ. பகுதிகளான மேம்படுத்திகளின் கூட்டங்கள், அதாவது மிகைமேம்படுத்திகளும் இவ்வாறே செயல்படலாம் என்று 2017இல் யங், ஷார்ப், சக்ரவர்த்தி ஆகியோர் முன்மொழிந்தனர். மெட்1, பி.ஆர்.டி.4 புரதங்கள் அவ்விடங்களில் திரள்வதை மறு ஆண்டே நுண்ணோக்கி காட்டியது.

துளி கண்ணில் பட்டதாலேயே அதுதான் காரணம் ஆகிவிடுமா? வத்தக்குழம்பில் எண்ணெய் பிரிந்து வந்தால் இறக்கிவிடலாம் என்பது சமையலறைக் கணக்கு. பக்குவத்துக்கு அது அடையாளம். குழம்பைப் பக்குவப்படுத்தியது எண்ணெய் பிரிந்ததல்ல. புற்றுநோய் ஆய்வில் இந்த வேறுபாடு அடிக்கடி நழுவிப்போகிறது.

துளியே காரணம் என்போரின் வலுவான சான்று கடும் ரத்தப் புற்றுநோயில் காணப்படும் நப்98–ஹாக்ஸ்ஏ9 இணைவுப் புரதம். உட்கருத் துளைப் புரதமான நப்98இன் ஒழுங்கற்ற பகுதி, டி.என்.ஏ.வைப் பற்றும் ஹாக்ஸ்ஏ9 பகுதியோடு ஒட்டிக்கொள்வதால் உருவாவது அது. அந்த ஒழுங்கற்ற பகுதியில் திரும்பத் திரும்ப வரும் ஃபீனைலலனைன்களைச் செரீனாக மாற்றினால் துளிகள் மறைகின்றன, குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் புரதங்களும் சேர்ந்த இழை) வளையங்கள் குலைகின்றன, செல்லைப் புற்றாக்கும் திறனும் போகிறது என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. நப்98 பகுதியை எடுத்துவிட்டு, தொடர்பில்லாத ஃபஸ் புரதத்தின் ஒழுங்கற்ற பகுதியை வைத்தபோது அத்திறன் மீண்டது. அழகான சோதனைதான். ஆனால் ஃபீனைலலனைனை நீக்கும்போது துளி மட்டும் போவதில்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பல முனைகளில் மெலிதாகப் பற்றும் தன்மையும் போய்விடுகிறது. ஃபஸ் அவ்விரண்டையும் சேர்த்தே திருப்பித் தருகிறது. எது போனதால் நோய் போனது என்பதை இச்சோதனையால் பிரித்துச் சொல்ல இயலாது.

பிரித்துச் சொல்ல உதவுவது யூவிங் சார்கோமா என்ற புற்றுநோய். 11, 22ஆம் குரோமோசோம்கள் இடம் மாறுவதால் பிறக்கும் இ.டபிள்யூ.எஸ்.–எஃப்.எல்.ஐ.1 புரதம், ஜி.ஜி.ஏ.ஏ. என்ற வரிசை அடுக்கடுக்காக வரும் இடங்களில் சென்று குவிகிறது. பிற செல்களில் ஓய்ந்து கிடக்கும் அந்த இடங்கள் இங்கே மேம்படுத்திகளாகிவிடுகின்றன. அப்புரத மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றுதல் படியெடுத்தலுக்குத் தேவை என்பதில் ஐயமில்லை. அப்பற்றுதலைச் செயற்கையாகக் கூட்டினால் என்ன ஆகும்? பற்றுதல் கூடினால் துளிகளும் வளரும்; துளியே இயக்குவிசை என்றால் படியெடுத்தலும் கூட வேண்டும். 2022இல் ஷாஷா சோங் குழுவினர் கண்டதோ நேர்மாறு: அளவு மீறிய பற்றுதல் இலக்கு மரபணுக்களை அடக்கியது. உயிருள்ள செல்லில் இப்புரதம் பெரும்பாலும் முழுத்துளியாவதற்கு முந்திய, நொடிக்கணக்கில் கூடிக் கலையும் குவியங்களாகவே வேலை செய்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

துளிகளைக் கரைத்துப் பார்க்கப் பலரும் கையாளும் 1,6-ஹெக்ஸேன்டையால் என்ற வேதிப்பொருளும் கைகொடுப்பதில்லை. அது குரோமாட்டினையே இறுக்குகிறது, கைனேஸ் நொதிகளின் செயலையும் கெடுக்கிறது என்று 2021இல் தெரியவந்தது. அதை மட்டுமே நம்பி எழுதிய முடிவுகளை மறுபடி சோதிக்க வேண்டும்.

துளிக்கே உரிய விளைவு எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. சிஸ்பிளாட்டின் மருந்து மெட்1 துளிகளுக்குள் செறிந்து சேர்வதை 2020இல் காட்டினர். மருந்து எந்த டி.என்.ஏ.வைத் தாக்கும் என்பதை அது ஓரளவு தீர்மானிக்கிறது. செறிவைப் பொறுத்த இவ்விளைவுக்குத் துளி வேண்டும். படியெடுத்தலைத் தூண்டுவதோ வேறு வினை. யூவிங் சார்கோமாவில் அதன் அளவைத் தீர்மானிப்பது பற்றுதலின் வலிமை என்றால், துளியைக் கரைக்கும் மருந்தை மட்டும் தேடுவானேன்? அப்பற்றுதலை அளவு மீற இறுக்கும் மருந்தும் அதே மரபணுக்களை வாயடைக்கக்கூடும்.