குரோஷே: பாட்டி சொல்லும் ‘டபுள்’ வேறு, யூடியூப் சொல்லும் ‘டபுள்’ வேறு. ஏன்?

பிறையில் ஓர் அடுக்குமாடி வீடு. யூடியூப் பார்த்து முயல் பொம்மை பின்னுகிறாள் பேத்தி. கேட்ட இடத்தில் எல்லாம் பாட்டி சொல்லித் தருகிறார். ‘டபுள் குரோஷே’ என்று வந்ததும் பாட்டி ஒரு மாதிரி போடுகிறார், வீடியோவில் வேறு மாதிரி வருகிறது. “பாட்டி, நீங்க தப்பா போடுறீங்க!” “இல்லம்மா, ஸ்கூல்ல இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க.”

கற்பனைக் காட்சிதான். ஆனால் பினாங்கில் நடக்கக்கூடியது. இதில் இரண்டு பேர் சொல்வதும் சரி.

ஒரே பெயர், இரண்டு தையல்

குரோஷே என்பது ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் சின்னக் கொக்கி என்று பொருள். இரண்டு நீள ஊசிகளால் பின்னுவது நிட்டிங். மலாயில் இரண்டுக்கும் ‘மெங்காயிட்’ என்கிறோம், தமிழில் இரண்டும் ‘பின்னல்’. அதனால் கடையில் ஊசி கேட்கும்போது எது வேண்டும் என்பதைச் சொல்லியே கேளுங்கள்.

ஜார்ஜ்டவுனில் 1852-இல் தொடங்கிய கான்வென்ட் லைட் ஸ்திரீட் முதல், ஆங்கிலவழிப் பெண்கள் பள்ளிகள் பிரிட்டிஷ் மரபில் வந்தவை. அங்கே படித்த தலைமுறைக்குப் பிரிட்டிஷ் சொற்களே பழக்கம். இன்று இணையத்தில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கச் சொற்கள்.

அமெரிக்காவின் ‘சிங்கிள்’தான் பிரிட்டனின் ‘டபுள்’. அமெரிக்காவின் ‘டபுள்’ பிரிட்டனில் ‘டிரெபிள்’. அங்கே ‘ஹாஃப் டபுள்’ என்றால் இங்கே ‘ஹாஃப் டிரெபிள்’. ஒரு படி தள்ளித் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான்.

கையில் என்ன நடக்கிறது? அமெரிக்க சிங்கிளுக்கு, கொக்கியைக் கண்ணிக்குள் விட்டு நூலை இழுங்கள். கொக்கியில் இரண்டு வளையம் இருக்கும். மீண்டும் நூலைச் சுற்றி இரண்டுக்குள்ளும் இழுத்தால் முடிந்தது. குட்டையான, நெருக்கமான தையல். அமெரிக்க டபுளுக்கு முதலில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு கண்ணிக்குள் போக வேண்டும். மூன்று வளையம் வரும். இரண்டில் இழுத்து, மறுபடி இரண்டில் இழுக்க வேண்டும். இது உயரமானது, இடைவெளி அதிகம்.

அந்த இடைவெளியில்தான் சிக்கல். மேசை விரிப்பு என்றால் அளவு மாறும், போகட்டும். பொம்மை என்றால் உள்ளே அடைத்த பஞ்சு ஓட்டை வழியாக வெளியே வரும். கைக்குழந்தை எதையும் வாயில்தான் வைக்கும். பிரிட்டிஷ் பேட்டர்னில் ‘டபுள்’ என்பதை அமெரிக்க டபுளாகப் போட்டு முயல் செய்தால், அதைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள்.

எந்த ஊர்ப் பேட்டர்ன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பேட்டர்னில் ‘எஸ்.சி.’, அதாவது சிங்கிள் குரோஷே, இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கா. சிங்கிளே இல்லாமல் டபுளும் ஹாஃப் டிரெபிளும் வந்தால் பிரிட்டன். கண்ணியை விட்டுத் தாண்ட ‘ஸ்கிப்’ என்பது அமெரிக்க வழக்கு, ‘மிஸ்’ என்பது பிரிட்டிஷ் வழக்கு. இன்னொரு வழி: டபுள் வரிசையை 3 செயின் போட்டுத் தொடங்கச் சொன்னால் அமெரிக்கா, 1 செயின் என்றால் பிரிட்டன்.

எழுத்தே குழப்பமாக இருந்தால் ஜப்பானிய முறை வரைபடத்தைத் தேடுங்கள். முட்டை வடிவம் செயின். பெருக்கல் குறி அமெரிக்க சிங்கிள். ‘டி’ போன்ற குறியின் தண்டில் ஒரு கோடு இருந்தால் அமெரிக்க டபுள், இரண்டு கோடு இருந்தால் அமெரிக்க டிரெபிள். எத்தனை கோடோ, அத்தனை முறை முதலில் நூலைச் சுற்ற வேண்டும். கோல நோட்டு பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

‘(1 எஸ்.சி., 1 இன்க்) x 6’ என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ‘இன்க்’ என்றால் ஒரே கண்ணியில் இரண்டு தையல். அடைப்புக்குள் இருப்பதை ஆறு முறை செய்தால் 12 கண்ணி 18 ஆகும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எண்ணுங்கள். சோம்பேறித்தனம் பார்த்தால் நாலு சுற்று தள்ளிப் பிரிக்க வேண்டி வரும்.

ஊசி எண்ணும் ஏமாற்றும். பாட்டியின் பழைய பிரிட்டிஷ் 6-ஆம் எண் கொக்கி 5 மில்லிமீட்டர். அமெரிக்க ஜி-6 என்பது 4 மில்லிமீட்டர். ஜப்பானிய 6/0 வெறும் 3.5. மில்லிமீட்டரை மட்டும் நம்புங்கள்.

சட்டை, தொப்பி போன்ற அணியும் பொருள் என்றால், முதலில் சுமார் 15 சென்டிமீட்டர் சதுரம் பின்னி, துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை தையல் என்று எண்ண வேண்டும். அமெரிக்கர்கள் இதை ‘கேஜ்’ என்பார்கள், பிரிட்டிஷார் ‘டென்ஷன்’ என்பார்கள். நம்ம ஊர் வெயிலுக்குப் பருத்தி நூல்தான் வசதி, ஆனால் கம்பளி நூல் மாதிரி அது இழுத்தால் சுருங்கித் திரும்பாது. கம்பளிக்கு எழுதிய பேட்டர்னைப் பருத்தியில் பின்னுகிறவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

நிட்டிங்கில் இந்தத் தலைவலி குறைவு. ‘நிட்’, ‘பேர்ல்’ இரண்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: நூல் பின்னால் இருந்தால் நிட், முன்னால் இருந்தால் பேர்ல். எல்லா வரிசையும் நிட் போட்டால் கார்ட்டர். ஒரு வரிசை நிட், அடுத்தது பேர்ல் என்றால் டி-ஷர்ட் துணி போன்ற வழவழப்பு கிடைக்கும். கடைசி வரிசையை முடிப்பதற்கு மட்டும் பிரிட்டனில் ‘காஸ்ட் ஆஃப்’, அமெரிக்காவில் ‘பைண்ட் ஆஃப்’ என்று எழுதியிருக்கும்.