வீட்டில் வண்ணத்துப்பூச்சி வளர்ப்பு

முட்டையையோ புழுவையோ அதற்குரிய இலையோடு காத்து வளர்த்து, கூட்டிலிருந்து வெளிவரும் பூச்சியைப் பறக்கவிடுவதே வீட்டு வண்ணத்துப்பூச்சி வளர்ப்பு. இலங்கையில் மாத்தளை மாவட்டத்தின் பல்லேகமப் பகுதி, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. காடு அருகிலிருந்தாலும், இந்த வளர்ப்புக்காக அங்கே காட்டுக்குள் போகவேண்டியதில்லை. வளவில் ஒரு தேசி மரமோ கறிவேப்பிலையோ நின்றால் போதும்.

புழு வளர்ப்பு இலங்கைக்குப் புதிதன்று. பிரெடரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இலங்கைப் பூச்சி நூலில், வண்ணத்துப்பூச்சிகளோடு அவற்றின் புழுக்களும் கூடுகளும் சித்திரமாக உள்ளன. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் ஓவியர்களான டி அல்விஸ் குடும்பத்தினரின் கைவண்ணம் அது.

எல்லாம் இலையில்தான் தங்கியிருக்கிறது. தாய்ப்பூச்சி முன்கால்களால் இலையைத் தட்டிச் சுவையறிந்த பிறகே முட்டையிடும். எருக்கிலையில் வளரும் புழு தேசி இலையைத் தொடாது, பட்டினி கிடந்தே சாகும்.

தொடங்குவோருக்கு எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி (பப்பிலியோ டெமோலியஸ்) ஏற்றது. தேசியின் இளந்தளிரில் குண்டூசித் தலையளவு மஞ்சள் முட்டையைத் தேடவேண்டும். பொரித்த புழு முதலில் முட்டையோட்டைத் தின்னும். சின்னப் புழுவைப் பார்த்தால் குருவி எச்சம் என்றே நினைப்போம். அந்தத் தோற்றமே அதற்குக் காவல். நான்கு முறை தோலுரித்துக் கடைசியில் பச்சையாகும். சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கவைபோன்ற சதையை நீட்டும், நாற்றமும் வரும். இரண்டு மூன்று வாரத்தில் தின்பதை நிறுத்தி, வயிற்றைக் கழித்து, இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக் கூட்டுப்புழுவாகும். பச்சைத் தண்டில் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் பழுப்பாகவும் அந்தக் கூடு அமைவதுண்டு.

புழுவை வளர்க்க வாயகன்ற போத்தலும் நுளம்பு வலைத் துண்டும் போதும். அடியில் கடதாசி விரித்துத் தினமும் எச்சத்தை அகற்ற வேண்டும். ஈரம் தேங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். புழுவைக் கையால் பிய்த்தெடுக்காமல், அது இருக்கும் இலையை நறுக்கி இலையோடு மாற்றுவதே முறை. கடையில் வாங்கும் கறிவேப்பிலையை ஒருபோதும் கொடுக்கக்கூடாது, மருந்து தெளித்திருக்கலாம். சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சி வராமல் சிறு குளவிகள் வரும். அவற்றின் தாய்க் குளவிகள் முன்பே புழுவிலோ கூட்டிலோ முட்டையிட்டிருக்கும். முட்டையாக எடுத்து வலைக்குள் வளர்த்தால் இந்த இழப்புக் குறையும்.

பூச்சி பெரும்பாலும் காலையில் வெளிவரும். அப்போது சிறகுகள் ஈரத்துணிபோல் சுருண்டிருக்கும். உடல் திரவத்தைச் செலுத்தி அவற்றை விரித்துக் காயவைக்கும்வரை, தொங்குவதற்கு ஒரு குச்சி வேண்டும். அந்த நேரத்தில் கை பட்டால் சிறகு கோணிவிடும், பிறகு பறக்கவே முடியாது.

2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியான நக்கிள்ஸ் பாதுகாப்புக் காட்டிலிருந்து எதையும் எடுத்துவரக்கூடாது. தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டமும் பல இனங்களைக் காக்கிறது. இலங்கைக்கே உரிய, கறுப்பும் பொன்மஞ்சளுமான சிலோன் பேர்ட்விங் வண்ணத்துப்பூச்சியைக் காண விரும்புவோர் வேலியில் ஈஸ்வரமூலிக் கொடியை ஏற்றிவிடலாம். அந்தக் குடும்பக் கொடிகளின் இலைதான் அதன் புழுவுக்கு உணவு. அதே கொடியில் சிவப்புடல் கொண்ட ரோஜா வண்ணத்துப்பூச்சிகளும் முட்டையிடும்.